உயிரியல் பூங்காக்கள் உண்மையில் எதைக் காப்பாற்றியிருக்கின்றன?

வரையாடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். உயிரியல் பூங்காக்களின் நுழைவாயில்களில் இப்போதெல்லாம் "பாதுகாப்பு, ஆய்வு, கல்வி" என்ற மூன்று சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. முன்பு அதே இடத்தில் விலங்கின் பெயரும், தீனி போடக் கூடாது என்ற எச்சரிக்கையும் மட்டுமே இருந்தன. சொற்கள் மாறிய அளவுக்கு வேலையும் மாறியிருக்கிறதா என்பதை இங்கே நிதானமாகப் பேசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கூண்டே கொடுமை என்பாரும், குழந்தைகள் மகிழ்கிறார்களே என்பாரும் வேறு இழைகளில் போதுமான அளவு மோதிக்கொண்டுவிட்டார்கள். இங்கே எனக்கு வேண்டியவை இரண்டு: பூங்கா இல்லாவிட்டால் இன்று இருந்திருக்காது என்று உறுதியாகச் சொல்லத்தக்க இனங்கள் எவை, பூங்காவில் அல்லாமல் வேறெங்கும் கிடைத்திருக்காத அறிவு எது.

தொடக்கத்துக்கு என் பங்காக ஒன்றை வைக்கிறேன். அரேபிய ஓரிக்ஸ் மான் 1972இல் காட்டில் அடியோடு அற்றுப்போனது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1962இல், ஆபத்தை உணர்ந்த சிலர் எஞ்சியவற்றில் சிலவற்றைப் பிடித்து, தனியாரிடமும் பூங்காக்களிடமும் இருந்தவற்றையும் சேர்த்து, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் உயிரியல் பூங்காவில் ஒன்பது விலங்குகளைக் கொண்ட ஒரு மந்தையை உருவாக்கினார்கள். அந்த மந்தையின் வழிவந்தவை 1982இல் ஓமன் பாலைவனத்தில் திறந்துவிடப்பட்டன. காட்டில் அற்றுப்போனதாக வகைப்படுத்தப்பட்டிருந்த அந்த இனத்தை 2011இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் "ஊறுபடத்தக்கது" என்ற நிலைக்கு உயர்த்தியது.

முதுகெலும்புள்ள உயிரினங்களில் நிலைமை மேம்பட்டதாக ஒன்றியத்தின் பட்டியல் காட்டிய 68 இனங்களை எடுத்துப் பார்த்தபோது, அவற்றுள் 17 இனங்களின் மீட்சியில் அடைப்பிட இனப்பெருக்கத்துக்குப் பெரும் பங்கு இருந்ததாக 2011இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. நான்கில் ஒன்று. இதைப் பெரிது என்பதா, சிறிது என்பதா?

இருவாச்சி

நல்ல கேள்வி, வரையாடு. என் விடை கலிஃபோர்னியா காண்டோர். பிணந்தின்னிக் கழுகு வகையைச் சேர்ந்த இந்தப் பறவையின் எண்ணிக்கை 1982இல் 22ஆகச் சுருங்கியிருந்தது. காட்டில் எஞ்சியிருந்த எல்லாவற்றையும் பிடித்துவிடுவது என்று முடிவெடுத்தபோது கடுமையான எதிர்ப்பு எழுந்தது. மானத்தோடு காட்டிலேயே மடியட்டும் என்று வாதிட்டவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர். இயற்கை ஆர்வலர்களே பலர் அப்படிப் பேசினார்கள். 1987இல் கடைசிக் காட்டுப் பறவையும் பிடிபட்டபோது உலகில் இருந்த மொத்தக் காண்டோர்கள் 27. அனைத்தும் சான் டியேகோ, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய இரு பூங்காக்களின் பொறுப்பில் இருந்தன.

அதன் பின் நடந்தது கைத்திறன் சார்ந்த வேலை. காண்டோர் இணை பொதுவாக ஒரு முறைக்கு ஒரே முட்டை இடும். ஒரு குஞ்சை வளர்த்து ஆளாக்க ஓராண்டுக்கு மேல் செலவிடும். ஆனால், முதல் முட்டை தொலைந்துபோனால் மறு முட்டை இடும் இயல்பு அதற்கு உண்டு. பராமரிப்பாளர்கள் முதல் முட்டையை எடுத்து அடைகாக்கும் கருவியில் வைத்து, இரண்டாவதை இணையிடமே விட்டார்கள். கருவியில் பொரித்த குஞ்சு மனித முகத்தைப் பார்த்து மனிதனையே தன் இனம் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காக, வளர்ந்த காண்டோரின் தலையைப் போலவே தோலால் செய்த கைப்பாவையை மாட்டிக்கொண்டு, ஒரு திரையின் பின்னால் நின்று, அலகால் ஊட்டுவதுபோல ஊட்டினார்கள். 1988இல் அடைப்பிடத்தில் கருவுற்ற முதல் குஞ்சு பொரித்தது. 1992இல் திறந்துவிடும் பணி தொடங்கியது. இன்று மொத்த எண்ணிக்கை 500ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் பாதிக்கு மேல் வானில் பறக்கின்றன.

முதலில் விடப்பட்டவற்றுள் சில மின்கம்பங்களில் மோதி மாண்டன. பிறகு, அடைப்பிடத்துக்குள்ளேயே பொய்க் கம்பங்களை நட்டு, அவற்றில் அமர்ந்தால் இலேசான மின்னதிர்ச்சி கிடைக்குமாறு செய்து, கம்பத்தைத் தவிர்க்கப் பழக்கிய பின்னரே அடுத்தடுத்த பறவைகளை வெளியே அனுப்பினார்கள். கூண்டைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உடும்பு

இருவரும் தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டுகளின் மறுபாதியை நான் சொல்லிவிடுகிறேன்.

ஓமனில் விடப்பட்ட ஓரிக்ஸ் 1996இல் சுமார் 450ஆகப் பெருகின. பிறகு கள்ள வேட்டையும் உயிருடன் பிடித்து விற்பதும் தொடங்கின. 2007இல் 65 மட்டுமே எஞ்சின. அரசே காப்பகத்தின் பரப்பை 90 விழுக்காடு குறைத்தது. அதன் விளைவாக உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் என்ற பெயர் அந்தக் காப்பகத்துக்குக் கிடைத்தது. வேறு நாடுகளிலும் ஓரிக்ஸ் விடப்பட்டிருந்ததால்தான் 2011இன் உயர்வு சாத்தியமாயிற்று. காண்டோரின் கதையும் அப்படியே. வேட்டைக்காரர்கள் சுட்டுப் போட்ட உடல்களில் உள்ள ஈயக் குண்டின் துணுக்குகளை விழுங்கித்தான் அது அழிவின் விளிம்புக்கு வந்தது. திறந்துவிடப்பட்ட காண்டோர்களின் சாவுக்கு இன்றும் முதற்காரணம் அதே ஈயம்தான். பறவைகளைப் பிடித்துக் குருதியில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் முறிமருந்து கொடுத்துத் திரும்ப விடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் ஈயக் குண்டுக்கு முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2019இல். பறவை வெளியே வந்து 27 ஆண்டுகள் கழித்து! ஓட்டைப் பானையில் எவ்வளவு நீர் ஊற்றினோம் என்று பெருமை பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அடுத்தது, பூங்காக்கள் வைத்திருக்கும் விலங்குகள். ஆபத்தில் உள்ள நிலவாழ் முதுகெலும்பிகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்றுதான் பூங்காக்களில் இருக்கிறது என்று, வரையாடு குறிப்பிட்ட ஆய்வை எழுதியவர்களே கணக்கிட்டிருக்கிறார்கள். அழியும் விளிம்பில் உள்ள தவளையையும் நத்தையையும் பார்க்க யார் கட்டணம் செலுத்துவார்கள்? சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும்தான் கூட்டத்தை இழுக்கின்றன.

அந்த யானைகளின் நிலையையும் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆப்பிரிக்கப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 16.9 ஆண்டுகள் என்றும், கென்யாவின் அம்போசெலியில் இயற்கையாக இறந்தவற்றின் இடைநிலை ஆயுள் 56 ஆண்டுகள் என்றும் 2008இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் வந்த மற்றோர் ஆய்வு, காட்டில் பரந்த நிலத்தில் உலவும் ஊனுண்ணிகளே அடைப்பிடத்தில் மிகுதியாக முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கின்றன என்று காட்டியது. பனிக்கரடி அதில் முன்வரிசையில் நின்றது. காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்பவர்கள் இந்த எண்களையும் வாயிற்பலகையில் எழுதட்டும்.

தேவாங்கு

நான் ஓய்வுபெற்ற விலங்குப் பராமரிப்பாளர். 31 ஆண்டுகள் ஒரே பூங்காவில் பணியாற்றினேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை.

உடும்பு அவர்கள் சொன்ன எண்களை நான் மறுக்கப் போவதில்லை. யானைக்கொட்டிலில் சிமெண்டுத் தரையில் நின்று நின்று பாதம் வெடித்த விலங்குகளுக்கு மருந்து போட்டவன் நான். ஆனால், அந்த ஆய்வே எப்படிச் சாத்தியமாயிற்று என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு யானையும் எப்போது பிறந்தது, யாருக்குப் பிறந்தது, எப்போது இடம் மாறியது, எப்போது இறந்தது என்று பூங்காக்கள் எழுதி வைத்திருந்ததால்தான் அவற்றின் குற்றமே கணக்கில் வெளிப்பட்டது.

பூங்காவில் அன்றிக் கிடைத்திருக்காத அறிவு எது என்று வரையாடு கேட்டிருந்தார். 1984இல் கேட்டி பெயின் என்ற ஒலியியல் ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லாண்டு நகரப் பூங்காவில் யானைகளின் அருகே ஒரு வாரம் அமர்ந்திருந்தபோது, காதுக்கு எட்டாத ஏதோ ஒன்று காற்றில் அதிர்வதை உடலால் உணர்ந்தார். பிறகு ஒலிப்பதிவுக் கருவியோடு திரும்பி வந்து, மனிதக் காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்கின்றன என்று நிறுவினார். காட்டில் பல கிலோமீட்டர் தொலைவில் பிரிந்து மேயும் மந்தைகள் ஒன்றாகத் திரும்புவது எப்படி என்ற பழைய புதிருக்கு அங்கேதான் விடை கிடைத்தது.

இன்னொன்று சுமத்ரா காண்டாமிருகம். இதில் தோல்வியும் வெற்றியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 1984 முதல் 1996 வரை 40 விலங்குகளைக் காட்டிலிருந்து பிடித்தார்கள். பெரும்பாலானவை ஒரு குட்டிகூட ஈனாமல் செத்தன. வைக்கோலும் உலர்தீவனமும் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரியவே ஆண்டுகள் பல ஆயின. சின்சினாட்டி பூங்காவில் சாவின் வாயிலில் கிடந்த ஆண் விலங்கு, அத்தி இனத் தழைகளைத் தொலைவிலிருந்து வரவழைத்துக் கொடுத்த பிறகே எழுந்து நின்றது. அதன் பின்னும் சினை பிடிக்கவில்லை. டெரி ராத் என்ற உடலியல் அறிஞர் நாள்தோறும் மீயொலிக் கருவியால் சூலகத்தைப் பார்த்தும் குருதியில் சுரப்புகளை அளந்தும் கண்டுபிடித்தது இதுதான்: புணர்ச்சி நடந்தால் மட்டுமே இந்தப் பெண் விலங்கின் சூலகம் முட்டையை வெளியிடுகிறது. ஆகவே தனியே கட்டி வைத்து "பருவத்துக்கு வரட்டும்" என்று காத்திருந்ததே தவறு. எமி என்ற அந்தப் பெண் விலங்குக்கு ஐந்து முறை கருக் கலைந்தது. ஆறாவது முறை கருவைத் தங்கவைக்கும் சுரப்பான புரோஜெஸ்டிரோன் மருந்தில் ரொட்டித் துண்டை நனைத்து நாள்தோறும் கொடுத்தார்கள். 2001 செப்டம்பரில் ஆண்டலாஸ் பிறந்தது. அடைப்பிடத்தில் 112 ஆண்டுகளுக்குப் பின் பிறந்த முதல் சுமத்ரா காண்டாமிருகக் கன்று அது. அதை 2007இல் சுமத்ராவின் வே கம்பாஸ் சரணாலயத்துக்கு அனுப்பினார்கள். 2012இல் அங்கே அது தந்தையாயிற்று. காட்டில் பனியிலும் சேற்றிலும் முகத்தைக்கூடக் காட்டாத ஒரு விலங்கின் சூலகத்தைப் பற்றி வேறெங்கே அறிந்திருக்க முடியும்?

என் கைப்பட நடந்த ஒன்றையும் சொல்கிறேன். எங்களிடம் ஒரு பெண் சிறுத்தை இருந்தது. முன்பெல்லாம் குருதி எடுக்க மயக்க ஊசிதான். ஊசித் துப்பாக்கியைக் கண்டாலே அது சுவரோடு ஒண்டிக்கொள்ளும். பிறகு வந்த மருத்துவர் ஒருவர் வேறு முறையைக் கற்றுத்தந்தார். கம்பி வலையின் அடியில் கையளவு இடைவெளி விட்டு, அதன் பக்கத்தில் சிறுத்தை படுத்தால் ஒரு துண்டு இறைச்சி. வாலை வெளியே நீட்ட விட்டால் இன்னொரு துண்டு. வாலைத் தொட விட்டால் மேலும் ஒன்று. ஏழு மாதங்கள் ஆயின. கடைசியில் நான் வாலைப் பிடித்திருக்க, மருத்துவர் வாலின் குருதிக் குழாயில் ஊசி செலுத்திக் குருதி எடுப்பார்; சிறுத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் இறைச்சிக் கிண்ணத்தின் மேலேயே கண்ணாக இருக்கும். மயக்கமோ கட்டாயமோ இல்லை. மனம் இல்லாத நாளில் எழுந்து போய்விடும், நாங்களும் விட்டுவிடுவோம்.

அன்றில்

தேவாங்கு ஐயா "எழுதி வைத்திருந்ததால்" என்று சொன்ன இடத்தில் நான் தொடர்கிறேன். நான் மரபியல் படிப்பவள். என்னைக் கேட்டால் ஒரு பூங்காவின் மிக மதிப்புள்ள உடைமை அதன் வம்சாவளிப் பதிவேடு என்பேன்.

பிர்செவால்ஸ்கி குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1969க்குப் பிறகு மங்கோலியாவின் காட்டில் அதை யாரும் காணவில்லை. பூங்காக்களில் எஞ்சியிருந்தவை ஒரு டஜன் மூதாதையரை ஒட்டிய மிகச் சிறிய கூட்டத்தின் வழிவந்தவை. அண்ணன் தங்கை என்ற வேறுபாடின்றி இணை சேர்த்துக்கொண்டே போனதில் குட்டிகள் நலிந்து இறந்தன. 1959இல் பிராகா பூங்கா உலகெங்கும் இருந்த அத்தனை குதிரைகளையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் எந்தக் குதிரை எதற்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்று கணக்கிட்டு, கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பி இணைசேர்க்க முடிந்தது. 1992இல் அவை மங்கோலியாவுக்குத் திரும்பின.

கணக்கு இப்படி நடக்கும். கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு விலங்குக்கும், மற்ற எல்லாவற்றோடும் அதற்குள்ள உறவின் சராசரியைக் காண்பார்கள். உறவினர் குறைந்த விலங்கே அரிய மரபணுக்களைச் சுமக்கிறது. ஆகவே அதற்கு முதலில் இணை தேடுவார்கள். கண்ணுக்கு அழகான, சுறுசுறுப்பான, ஏற்கெனவே பத்துக் குட்டி போட்ட தாய்க்கு ஓய்வு. பராமரிப்பாளருக்கு இது பல நேரங்களில் பிடிப்பதில்லை. "இவ்வளவு நல்ல தாயை ஏன் நிறுத்துகிறீர்கள்" என்று கேட்பார். பதிவேடு வேறு மொழியில் பேசுகிறது.

பதிவேட்டோடு குளிர்பதனப் பெட்டியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கருங்கால் ஃபெரெட் சான்று. கீரியளவே உள்ள இந்த வட அமெரிக்க வேட்டை விலங்கு அற்றுப்போனதாகக் கருதப்பட்டு, 1981இல் வயோமிங் மாநிலத்தில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் பரவியதால் எஞ்சிய 18ஐயும் பிடித்தார்கள். இன்றைய கூட்டம் முழுவதும் அவற்றுள் ஏழின் வழிவந்தது. வில்லா என்ற பெண் ஃபெரெட் அந்த ஏழில் இல்லை. அதன் கால்வழி அற்றுப்போயிற்று. ஆனால், அதன் உயிரணுக்கள் 1988இல் சான் டியேகோ பூங்காவின் உறைநிலைச் சேமிப்பில் வைக்கப்பட்டன. படியாக்கம் (குளோனிங்) என்ற தொழில்நுட்பம் வளர்ந்த பாலூட்டி எதிலும் கைகூடாத காலம் அது. 2020 டிசம்பர் 10 அன்று அந்த உயிரணுக்களிலிருந்து எலிசபெத் ஆன் பிறந்தது. அது ஈனவில்லை, ஆனால், வில்லாவின் மற்றொரு படியான அன்டோனியா 2024இல் குட்டி ஈன்றது. எட்டாவது மூதாய் ஒருத்தி, இறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துக் குடும்பத்தில் சேர்ந்திருக்கிறாள்.

பதிவேடு எதிர்பாராத அறிவையும் தரும். காண்டோர் ஒவ்வொன்றின் மரபணுவையும் பதிந்து வைத்திருந்ததால், இரண்டு ஆண் குஞ்சுகளுக்குத் தந்தையே இல்லை என்பது தெரியவந்தது. 2021இல் வெளியிட்டார்கள். அவற்றின் தாய்கள் இரண்டும் ஆண் துணையோடுதான் இருந்தன! பதிவேடு இல்லாவிட்டால், உடன் இருந்த ஆணே தந்தை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

உடும்பு

அன்றில், தங்கள் விளக்கம் தெளிவாக இருந்தது. ஆனால், அதே பதிவேடுதான் 2014 பிப்ரவரியில் கோபன்ஹேகன் பூங்காவில் மாரியஸ் என்ற நலமான இளம் ஒட்டகச்சிவிங்கியின் உயிரையும் எடுத்தது. அதன் மரபணுக்கள் கூட்டத்தில் ஏற்கெனவே மிகுந்திருந்தன என்பது காரணம். சுட்டு, பொதுமக்கள் முன் அறுத்துக் காட்டி, சிங்கங்களுக்குப் போட்டார்கள். உறவின் சராசரி என்பது தாளில் ஓர் எண். கொட்டிலில் அது கண்ணுள்ள ஓர் உயிர்.

அறிவு சேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அறிவு காட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு விலை கொடுத்தோம் என்பதையும் சேர்த்தே எழுதுவோம். பிரேசிலில் 1984இல் விடப்பட்ட தங்கச் சிங்கத் தமாரின் குரங்குகளுக்குக் காட்டுக் கிளை வளையும் என்பதே தெரியவில்லை. அடைப்பில் அசையாத கம்பத்தில் ஓடிப் பழகியவை, மெல்லிய கிளையில் தடுமாறி விழுந்தன. இரை தேடத் தெரியாமல் பட்டினி கிடந்தன. முதலில் போனவற்றில் பெரும்பாலானவை மாண்டன.

தேவாங்கு

மாரியஸ் பற்றி என்னிடம் விடை இல்லை. குட்டி பிறக்காமல் தடுத்திருக்கலாமே என்பார்கள். நெடுநாள் தடுத்தால் பிறகு சில இனங்களில் சினையே பிடிக்காமல் போவதைக் கண்டிருக்கிறேன். அதற்காகக் கொன்றது சரி என்று என் வாய் சொல்லாது.

தமாரின் கதைக்குப் பின்பகுதி உண்டு. அந்த இழப்புக்குப் பிறகு, வாஷிங்டன் தேசியப் பூங்கா குரங்குக் குடும்பங்களை அடைப்பே இல்லாமல் மரங்களில் விட்டுப் பழக்கியது. காட்டில் விட்ட பின்னும் மாதக்கணக்கில் உணவு வைத்துத் துணை நின்றார்கள். இன்று காட்டில் உள்ள தமாரின்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பூங்காவிலிருந்து போனவற்றின் வழிவந்தது.

சிட்டு

நான் வனவிலங்கு நோயியல் துறையில் இருக்கிறேன். பூங்காக்களின் அறிவியல் பங்களிப்பைப் பேசும்போது எல்லாரும் பிறப்பைப் பேசுகிறார்கள், இறப்பைப் பேசுவதில்லை. ஒழுங்காக நடக்கும் பூங்காவில் இறக்கும் ஒவ்வோர் உயிரும், சுண்டெலி அளவானாலும், பிணக்கூறாய்வு மேசைக்கு வந்தாக வேண்டும்.

1999ஆம் ஆண்டு கோடையில் நியூயார்க்கின் பிராங்ஸ் பூங்காவைச் சுற்றிக் காகங்கள் செத்து விழுந்தன. பிறகு பூங்காவுக்குள் இருந்த பூநாரைகளும் இறந்தன. அதே நாட்களில் நகரத்தில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் பரவியது. அது செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று நலத்துறை அறிவித்தது. பூங்காவின் நோயியலாளர் டிரேசி மெக்னமாரா அறுத்துப் பார்த்த பறவைகளின் மூளையில் கடும் வீக்கம் இருந்தது. செயின்ட் லூயிஸ் நச்சுயிரி பறவைகளை இப்படிக் கொல்வதில்லை. குதிரைகளைத் தாக்கும் கிழக்கத்திய மூளைக்காய்ச்சலாக இருந்தால் பூங்காவின் ஈமு கோழிகள்தான் முதலில் விழுந்திருக்க வேண்டும். அவையோ நலமாக நின்றன. ஆகவே இது இரண்டும் அல்லாத ஒன்று என்று அவர் அடித்துச் சொன்னார். முதலில் செவிசாய்ப்பார் இல்லை. கடைசியில் அது மேற்கு அரைக்கோளம் அதுவரை கண்டிராத மேற்கு நைல் நச்சுயிரி என்று தெரிந்தது. இறக்காத ஈமுவிலிருந்தும் செய்தி படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்ததால் கிடைத்த விடை இது.

உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சைக்கு 1999இல் பெயரிட்டு விவரித்தார்கள். அந்த விவரிப்புக்கு அடிப்படையான மாதிரி, வாஷிங்டன் தேசியப் பூங்காவில் இறந்த ஒரு நீல நச்சம்புத் தவளையின் தோலிலிருந்து வந்தது. அதே பூங்காவில் 1995இல் இறந்த 16 மாத ஆசிய யானைக் கன்றிலிருந்துதான், கன்றுகளை ஒரே நாளில் சாய்க்கும் யானை ஹெர்ப்பிஸ் நச்சுயிரி கண்டறியப்பட்டது. பழைய சாவுகளிலிருந்து சேமித்து வைத்திருந்த திசுக்களை எடுத்துச் சோதித்தபோது, காரணம் தெரியாமல் இறந்த வேறு கன்றுகளிலும் அது இருந்தது. காட்டு யானைக் கன்றுகளும் இதே நோயால் இறக்கின்றன. அவற்றுக்கான பரிசோதனை முறைகளும் மருந்து அளவுகளும் பூங்காக்களில் இழந்த கன்றுகளிடமிருந்து கற்றவை. 2024இல் ஹூஸ்டன் பூங்காவில் ஒரு யானைக்கு முதன்முறையாக இதற்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசி போடப்பட்டது.

உடும்பு அவர்கள் நத்தையைப் பார்க்க யார் வருவார் என்று கேட்டார். பாலினீசியத் தீவுகளின் பார்ட்டுலா நத்தைகளைப் பார்க்க யாரும் வருவதில்லை என்பது உண்மைதான். வேறொரு நத்தையை ஒழிக்கக் கொண்டுவந்த கொன்றுண்ணி நத்தை அவற்றைத் தின்று தீர்த்தது. எஞ்சியவற்றை இலண்டன் உள்ளிட்ட பூங்காக்கள் பிளாஸ்டிக் பெட்டிகளில் வளர்த்தன. பார்ட்டுலா டர்ஜிடா என்ற இனத்தின் கடைசி நத்தை 1996 ஜனவரியில் இலண்டனில் இறந்தது. அறுத்துப் பார்த்ததில் ஓர் ஒட்டுண்ணி காரணம் என்று தெரிந்தது. ஒரே அறையில், ஒரே பராமரிப்பில் ஓர் இனத்தின் அத்தனை உயிர்களையும் வைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். மற்ற பார்ட்டுலாக்கள் 2015 முதல் தீவுகளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஓர் இனத்தில், காட்டிலேயே பிறந்து வளர்ந்த நத்தைகள் 2024இல் கண்டறியப்பட்டன.

முள்ளெலி

இதுவரை படித்துக்கொண்டு மட்டுமே இருந்தேன். ஒரே ஒரு கேள்வி. வாயிற்பலகையை நம்ப முடியாது என்றால், ஒரு பூங்கா உண்மையில் வேலை செய்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் எப்படி அறிவது?

வரையாடு

முள்ளெலி, எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். பூங்காவின் ஆண்டறிக்கையில் எத்தனை விலங்குகள் பிறந்தன என்று இருக்கும். எத்தனை இறந்தன, ஏன் இறந்தன என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பல பூங்காக்கள் சேர்ந்து நடத்தும் இனப்பெருக்கத் திட்டத்தில் அது இருக்கிறதா, அல்லது தன்னிடமுள்ள ஒற்றை இணையை வைத்தே குட்டி எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். வெள்ளைப் புலியைப் பெருமையாகக் காட்டும் இடம் என்றால் எனக்கு உடனே ஐயம் வரும். அந்த நிறத்துக்காக நெருங்கிய உறவுகளையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்திருக்கிறார்கள். அதில் இனப்பாதுகாப்பு என்று ஒன்றும் இல்லை. பார்வையாளர் யாரும் நுழையாத பின்கட்டில் என்ன வளர்கிறது என்பதும் நல்ல கேள்வி.

அப்படிப் பின்கட்டில் வளர்ந்ததுதான் கிஹான்சி தேரை. டான்சானியாவில் ஓர் அருவியின் சாரல் படும் சிறு நிலத்தில் மட்டும் வாழ்ந்த, கட்டை விரல் நகத்தின் மேல் உட்காரக்கூடிய மஞ்சள் தேரை அது. முட்டையிடாமல் குட்டித் தேரைகளாகவே ஈனும். 1996இல்தான் அறிவியலுக்குத் தெரியவந்தது. அதற்குள் மின்சாரத்துக்காக ஆற்றின் குறுக்கே அணை எழுந்துகொண்டிருந்தது. நீரின் பெரும்பகுதி திருப்பிவிடப்பட்டதும் சாரல் நின்றது. 2000ஆம் ஆண்டில் 499 தேரைகளை அமெரிக்கப் பூங்காக்களுக்குக் கொண்டுபோனார்கள். ஒளி, ஈரம், உணவு எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறிக் கற்பதற்குள் பெரும்பகுதி இறந்தது. காட்டிலோ 2009இல் முற்றிலும் அற்றுப்போனதாக அறிவிப்பு வந்தது. பிராங்ஸ், டொலீடோ பூங்காக்களில் பிழைத்தவை ஆயிரக்கணக்கில் பெருகின. 2012இல் அவை பள்ளத்தாக்குக்குத் திரும்பின. அங்கே இப்போது சாரலைத் தருவது குழாய்களும் தெளிப்பான்களும்.

உடும்பு அவர்களின் ஓட்டைப் பானை எனக்கு இந்தத் தேரையைத்தான் நினைவூட்டியது. பானை அடைபடவில்லை, ஆனால், ஊற்றுவதற்குத் தண்ணீர் எஞ்சியிருக்கிறது.

உடும்பு

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. தெளிப்பானை இயக்குபவருக்கும் பூங்காவின் கட்டணத்திலிருந்து சம்பளம் போகட்டும். அப்படிக் கள வேலைக்குப் பணம் அனுப்பும் பூங்காக்களோடு எனக்குச் சண்டை இல்லை.

தேவாங்கு

அன்றில் எழுதிய வில்லாவின் கதையை நேற்றிரவு மீண்டும் படித்தேன். அதனால் இதையும் எழுதுகிறேன். வாலை நீட்டும் அந்தச் சிறுத்தை பதினெட்டு வயதில், ஒரு மழைக்காலக் காலையில், இரவுக் கூண்டிலேயே இறந்து கிடந்தது. மருத்துவர் பணியிடம் அப்போது காலியாக இருந்தது. புதியவர் வர இரண்டு மாதங்கள் ஆயின. பிணக்கூறாய்வு நடக்கவில்லை. தோலில் ஒரு துண்டோ, குருதியில் ஒரு சொட்டோ எடுத்து வைக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வைக்க உறைபெட்டி இல்லை. மேற்பார்வையாளர் சொன்ன இடத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். ஏழு மாதம் பழக்கியது, எந்த இறைச்சித் துண்டுக்கு எப்படி நடந்துகொண்டது, எந்த மாதம் குருதி எப்படி இருந்தது எல்லாவற்றையும் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அலுவலகப் பதிவேட்டில் அன்றைய நாளுக்கு "சிறுத்தை, பெண், வயது முதிர்வு" என்று மட்டும் இருக்கிறது. அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் உள்ளது. அன்றில் போன்றவர்களுக்கு அது பயன்படுமென்றால், பக்கங்களைப் படமெடுத்து இங்கே இடுகிறேன். கையெழுத்துதான் கொஞ்சம் மோசம்.